அத்திவாரம் வெட்டுமுன்: புளியந்தீவில் கட்டுவோர் கவனத்திற்கு

மட்டக்களப்பின் பழைய நகரப்பகுதியான புளியந்தீவில், போர்த்துக்கேயர் 1628இல் கட்டி ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய கோட்டை எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதைச் சூழ்ந்த தெருக்களின் அடியில் கிடப்பதோ அத்திவாரம் அல்லது மலசலகூடக் குழி வெட்டப்படும் நாளில் மட்டுமே வெளிப்படுகிறது. கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் நடக்கும் அபிவிருத்தி வேலைகளுக்கு முன்கூட்டியே தொல்லியல் தாக்க மதிப்பீடு (மண்ணடியில் உள்ள தொல்பொருட்களுக்கு வேலையால் என்ன பாதிப்பு வரும் என்ற ஆய்வு) செய்யப்பட வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. கால் ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 99 பேர்ச். நகரத்து வீட்டு வளவுகளும் கடைக் காணிகளும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுவதால், அங்கே மண்ணைக் கவனிப்பவர் உரிமையாளரும் மேசனுமே.

இப்படி மண்ணைக் கவனிக்கும்போது தொல்லியலாளராகிய நாங்கள் முதலில் பார்ப்பது பொருளையன்று, கிடங்கின் சுவரை. மேசன் கரண்டியால் அதை நேராகச் சீவிவிட்டால், அண்மைக்கால நிரவல் மண்ணுக்குக் கீழே கரி படிந்த கறுப்புக் கோடும், சிப்பித் துணுக்குகள் தெரியும் பழைய சுண்ணாம்புச் சாந்தும், அதற்கும் கீழே வெறும் மணலும் தனித்தனியே தெரியக்கூடும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையிட்ட செப்புக்காசு ஒன்று அந்தக் கறுப்பு மண்ணடுக்கில் இருந்ததா, பின்னாளில் யாரோ வெட்டிய குழிக்குள் விழுந்ததா என்பதில்தான் அதன் சாட்சியமே தங்கியிருக்கிறது. பெக்கோ இயந்திரம் அள்ளிக் கொட்டிய குவியலில் பொறுக்கிய காசுக்கு அந்தச் சாட்சியம் இல்லை. ஆகவே வேலையைச் சற்று நிறுத்தி, அளவுகோல் ஒன்றை நிறுத்திப் படமெடுத்து, வீதி மட்டத்திலிருந்து எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காசைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். வாவி நீர் ஊறும் ஆழத்தில் பழைய மரத்துண்டு அகப்பட்டால் வெயிலில் வைக்காமல் ஈரமாகவே வைத்திருங்கள். உலர்ந்தால் அது வெடித்துச் சுருங்கிவிடும்.

கிடைத்ததைத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவித்தால் காணி போய்விடும் என்ற பயத்தையே அதிகம் கேட்கிறேன். அது வெறுங்கற்பனை என்று தள்ளிவிட முடியாது. கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென 2020இல் நியமிக்கப்பட்ட சனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ இருக்கவில்லை. ஆயினும் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி கண்டெடுக்கப்படும் தொல்பொருள்தான் அரசுக்குரியது; பொருள் கிடைத்த காரணத்தால் மட்டும் காணி உரித்து மாறுவதில்லை. மேலும், மூடி மறைத்த கிடங்கைப் பற்றி நாளை எவரும் எதையும் சொல்லலாம். திகதியிட்ட படமும் அளவும் உங்கள் கையில் இருந்தால் அப்படிச் சொல்வது எளிதன்று.

காணாததுபோல் மூடிவிடுவதற்கு உண்மையான காரணம் பல இடங்களில் பணம்தான்: பெக்கோவுக்கு மணித்தியாலக் கணக்கில் வாடகை ஓடுகிறது, கூலியாட்கள் காத்திருக்கிறார்கள், மாரி தொடங்கினால் கிடங்கு நீரில் நிரம்பிவிடும். எனவே பழைய சுவரோ மட்பாண்டமோ தென்பட்டால் வேலை எவ்வளவு நேரம் நிற்கும், அந்த நேரத்திற்கான கூலியை யார் கொடுப்பது என்பதை ஒப்பந்தக்காரரோடு முன்னதாகவே எழுதிக்கொண்டு, வெட்டும் வேலையை மாரிக்கு முன்னரே வைத்துக்கொள்ளுங்கள்.