பாலிசி கட்டுக்குள் இருக்கும் அந்தத் தகவல் தாள்

மருத்துவக் காப்பீடு எடுத்தவர்களிடம் "உங்க பாலிசியில என்ன இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் "அஞ்சு லட்சம்" என்றுதான் பதில் வருகிறது. ராமநாதபுரத்தில் க்ளைம் வேலை பார்க்கும் எனக்குக் கவலை தருவதும் அந்தப் பதில்தான். ஐந்து லட்சம் என்பது உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் எந்தச் செலவுக்கு எவ்வளவு, எந்த நோய்க்கு எப்போதிலிருந்து, எதற்குக் கிடையவே கிடையாது என்பதெல்லாம் பாலிசிக் கட்டின் உள்ளே இருக்கிறது. முப்பது நாற்பது பக்கத்தை யார் படிப்பது என்று கேட்கலாம், நியாயம்தான். அதற்காகவே சில பக்கங்களில் ஒரு சுருக்கம் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதி வைத்திருக்கிறது. கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட் என்று தலைப்பில் அச்சிட்டிருக்கும். வாடிக்கையாளர் தகவல் தாள் என்று சொல்லலாம். 2024 ஜனவரி முதல் புதிய எளிய வடிவத்தில் வருகிறது.

முதலில் அது எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். இப்போது பாலிசி பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பாக மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. நம் கரையில் சிக்கலே இங்குதான். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பல வீடுகளில் பாலிசி அப்பா பெயரில் இருக்கும், மின்னஞ்சல் மட்டும் முகவருடையதாக இருக்கும். கீழக்கரையில் வளைகுடாவில் இருக்கும் மகன் அத்தா, உம்மாவுக்காக ஆன்லைனில் எடுத்துவிடுவார். கோப்பு அவர் மெயிலில் கிடக்கும். இங்கே இருப்பவர்களிடம் கார்டு மட்டும்தான். ராத்திரி நெஞ்சுவலி என்று மதுரைக்கு வண்டி பிடிக்கும்போது கார்டு கையில் இருக்கும், விவரம் கடல் தாண்டி இருக்கும். ஆகவே இன்றே அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் வாங்கி, தகவல் தாள் பக்கங்களை மட்டுமாவது கடையில் பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டோடு வையுங்கள். கோப்பு கடவுச்சொல் கேட்டால் அதற்கான குறிப்பு அதே மெயிலில் இருக்கும். பாலிசிக் கட்டுக்குள் தாளைக் காணவில்லையென்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேளுங்கள்.

சரி, தாள் கைக்கு வந்துவிட்டது. கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே விளக்கம், கடைசிக் கட்டத்தில் ஓர் எண். அந்த எண்ணை யாரும் கவனிப்பதில்லை. முழுப் பாலிசியில் அந்த விஷயம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. சுருக்கத்துக்கும் முழுப் பாலிசிக்கும் முரண் வந்தால் முழுப் பாலிசிதான் செல்லும். ஆகவே சந்தேகம் வருகிற வரிக்கு மட்டும் அந்த எண்ணைப் பிடித்துப் போய்ப் படித்தால் போதும்.

எல்லாக் கட்டங்களும் ஒரே முக்கியத்துவம் உள்ளவை அல்ல. என் பார்வையில், கையிலிருந்து பணம் போகிற இடம் "செலவு வரம்புகள்" என்ற கட்டம். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஐந்து லட்சம் பாலிசியில் அறை வாடகை ஒரு சதவீதம் என்று எழுதியிருக்கிறது, அதாவது நாளுக்கு 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறீர்கள். நாளுக்கு மூவாயிரம் வீதம் பன்னிரண்டாயிரம்தானே கூடுதல் என்று நினைப்பீர்கள். அப்படி முடிவதில்லை. அறைக்கு ஏற்ப மருத்துவமனை கட்டணம் மாறுகிறதென்றால், டாக்டர் கட்டணம், அறுவை அரங்கு, நர்சிங் போன்றவற்றிலும் எட்டுக்கு ஐந்து பங்குதான் தருவார்கள். அந்த வகையில் பில் 80,000 என்றால் கிடைப்பது 50,000. ஆக 42,000 ரூபாய் உங்கள் கைப்பணம். மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் கருவிகள் இவற்றில் இந்த விகிதப்படி குறைக்கக் கூடாது; குறைத்திருந்தால் கேளுங்கள். அட்மிஷன் மேசையில் "எந்த ரூம் வேணும்?" என்று கேட்கும் அந்த நிமிடத்தில் இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் 42,000 ரூபாய் மிச்சம். கோ-பே என்ற சொல்லும் இதே கட்டத்தில்தான் இருக்கும். இருபது சதவீதம் என்றிருந்தால் ஏற்கப்படும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு நீங்கள் கட்ட வேண்டும்.

அடுத்தது காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்தும் பணம் கிடைக்காத ஆரம்பக் காலம். விபத்து தவிர மற்றவற்றுக்குப் பொதுவாக முதல் 30 நாள். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்கும், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் தனித்தனியாக இருக்கும். அதிகபட்சம் மூன்று ஆண்டு. பெற்றோருக்காகப் பிள்ளைகள் எடுக்கும் பாலிசிகளில் கண் ஆபரேஷன் க்ளைம் திரும்பி வருவதை அடிக்கடி பார்க்கிறேன். உம்மாவின் கண்ணுக்காகவே எடுத்திருப்பார்கள், முதல் வருடமே போய் நிற்பார்கள். தாளில் அது தெளிவாகவே எழுதியிருக்கும்.

கடைசிப் பகுதியில் உங்கள் கடமை என்று ஒன்று வரும். சுகர், பிரஷர் இருப்பதை மறைக்காமல் சொல்வது அதில் முதன்மையானது. விண்ணப்பத்தை வேறு யாராவது நிரப்பியிருந்தால் அதன் நகலையும் வாங்கிப் பாருங்கள். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்தார் என்று காரணம் காட்டி மறுக்க முடியாது. அதற்கு முன் மறுக்கலாம், மறுக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "பேங்க்ல வருசத்துக்கு இருபது ரூபா பிடிக்கிறாங்களே, அதுல ஆஸ்பத்திரி செலவு வராதா?" என்று கடலோர ஊர்களில் கேட்கிறார்கள். வராது. அது விபத்தில் இறப்புக்கும் ஊனத்துக்குமான காப்பீடு.

பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் வரை, பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போகப் பிரீமியம் திரும்பக் கிடைக்கும். தாளைப் படிக்க வேண்டிய காலம் அதுதான். ஆங்கிலம் தடையென்றால் தமிழில் கேட்கலாம், விரும்பினால் உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்பது விதி. "என் பாலிசி எண் இது, வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழில் அனுப்பவும்" என்று நிறுவனத்துக்கு ஒரு மெயில் போதும். பதில் வராவிட்டால் ஐஆர்டிஏஐ-யின் 155255 என்ற எண்ணில் கட்டணமின்றிப் புகார் சொல்லலாம். க்ளைம் தகராறு என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கும் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.