கறள் பிடித்த பழைய எஞ்சின்: கயிறை இழுக்க முதல் பார்க்க வேண்டியவை

கொட்டில் மூலையில் வருடக்கணக்காகக் கிடந்த பழைய வெளியிணைப்பு எஞ்சினை, அதாவது படகின் பின்பக்கம் பூட்டும் எஞ்சினை, தூக்கி வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது ஸ்ரார்ட் கயிறை இழுத்துப் பார்ப்பதுதான். யாழ்ப்பாணத்தில் குருநகரானாலும் மயிலிட்டியானாலும், திருத்தக்கூடிய எஞ்சின் திருத்த முடியாததாகிவிடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். சிலிண்டர் சுவரில் கறள் படிந்திருந்தால் பிஸ்டன் வளையம் அதைக் கீறிக்கொண்டு போகும். குளிர்நீரை இறைக்கும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரின் காய்ந்து விறைத்த இதழ் ஒடிந்து நீர்ப்பாதைக்குள் சிக்கும். ரூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பெயாரிங்குக்குத் தனி ஒயில் இல்லை. எரிபொருளோடு கலந்து போகும் ஒயில்தான் அதற்கும். ஆகவே அது உள்ளே போய்ச் சேரும்வரை பெயாரிங் வறண்டபடிதான் சுழலும்.

முதலில் பிளக்குகளைக் கழற்றுங்கள். பிளக் துளைகள் மேலே பார்க்கும்படி எஞ்சினைச் சரித்து வைத்து, கியர் மாற்றும் பெட்டிகளுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஒயிலையும் அசிற்றோனையும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு மேசைக்கரண்டி விட்டு, மூன்று நாள் விடுங்கள். பிறகு பிளைவீல் நட்டில் ஸ்பனர் போட்டு, மேலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாக மட்டும் மெல்ல அசையுங்கள். இடப்பக்கம் திருப்பினால் இம்பெல்லர் இதழ்கள் எதிர்ப்பக்கம் மடிந்து ஒடியும். பிளைவீல் விளிம்பில் சுத்தியலால் தட்டவே கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் விரிசல் விடும். கொஞ்சமும் அசையாவிட்டால் கீழ்க் கியர்ப் பகுதியைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இறுகியது மேல் எஞ்சின் அல்ல, கீழே இருக்கும் ஷாஃப்ட் என்று தெரியவரும் சந்தர்ப்பங்கள் நிறைய உண்டு.

சுழல ஆரம்பித்ததும் காதால் கேளுங்கள், கையால் உணருங்கள். மணல் அரைபடுவதுபோல் கரகரத்தால் பெயாரிங்கில் குழி விழுந்துவிட்டது. அந்த மாடலுக்குக் கிராங்க் கிடைக்காதென்றால் அங்கேயே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பெயின்ற் அடித்து மறைக்கிற வேலை. கரகரப்பு இல்லையென்றால் இரண்டு பிளக்கும் கழன்ற நிலையில், திரொட்டில் முழுக்கத் திறந்து கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம்) பாருங்கள். 90 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்தால் நம்பலாம். அதைவிட முக்கியம் இரண்டு சிலிண்டருக்குமான வித்தியாசம்; 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

அடுத்தது போல்ட்டுகள். நேரத்தை விழுங்குவதும் மனதை உடைப்பதும் இதுதான். ஸ்டெயின்லெஸ் போல்ட், அலுமினிய உடல், நடுவில் உப்புத் தண்ணீர்: மூன்றும் சேர்ந்தால் ஒரு சிறு பற்றரிதான். அரிபடுவது அலுமினியம். அரித்த அலுமினியம் வெள்ளைத் தூளாகி, முன்பு பிடித்த இடத்தைவிடக் கூடுதல் இடம் பிடித்துப் போல்ட்டின் பிரிகளை (மரைகளை) நெருக்கும். இந்த நிலையில் ஸ்பனரில் பைப் செருகி மிதித்தால் M6 (6 மி.மீ.) போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும்.

சூடுதான் வழி. அலுமினியம் ஸ்டெயின்லெஸைவிடக் கூடுதலாக விரியும் என்பதால், போல்ட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள உடலைச் சூடாக்க வேண்டும். கசியவிட்ட ஒயில், பெற்றோல் எதுவும் மிச்சமில்லாமல் துடைத்து, வெளியிடத்தில் வைத்துச் செய்யுங்கள். அலுமினியம் இரும்புபோல் சிவந்து எச்சரிக்காது. நிறம் மாறாமலே உருகி விழும். தண்ணீர்த் துளி தெளித்தால் அது முத்தாக உருண்டோட வேண்டும், அதற்கு மேல் சூடு வேண்டாம். பிறகு போல்ட்டை ஒரு மயிரளவு இறுக்கி, அதன்பின் தளர்த்தி, மாறிமாறி அசைக்க வேண்டும். தலை போய்விட்டால் மிஞ்சிய தண்டின்மேல் நட் வைத்து வெல்டிங் பிடியுங்கள். அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். உள்ளேயே முறிந்திருந்தால் நடுப்புள்ளி குத்தி, 2.5 மி.மீ. துளையில் தொடங்கிப் படிப்படியாக 5 மி.மீ. வரை போகலாம். முறிந்த போல்ட்டைப் பிடுங்கும் கருவியான எக்ஸ்ராக்டரில் மலிவானதைச் செருகி முறுக்காதீர்கள். அது உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் அதைத் தொடாது. திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு பிரியிலும் மரைன் கிரீஸ் பூசுங்கள். அடுத்த முறை கழற்றப்போகிறவர் நீங்களாகவே இருக்கலாம்.

வெள்ளைப் பூப்பை எடுக்க பற்றரி அசிட்டும் கோஸ்டிக் சோடாவும் ஊற்றுகிறவர்களைப் பார்த்து உண்மையில் வயிறு எரிகிறது. அசிட் உலோகத்தையும் சேர்த்தே அரிக்கும். சோடா அலுமினியத்தைக் கொதிக்கக் கொதிக்கத் தின்னும்; வெளிவரும் ஐதரசன் தீப்பற்றும். நீர்ப்பாதையில் படிந்த உப்பைச் சுடுநீரே கரைக்கும். சுண்ணாம்புப் படிவுக்குச் சாதாரண வினாகிரி போதும். இரும்புக் கம்பித் தூரிகையும் வேண்டாம், அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து பின்னர் புள்ளிபுள்ளியாகக் கறள் கிளம்பும். கடல் மணலை வீசிச் சுத்தம் செய்வது உப்பையே திரும்ப ஏற்றுவதாகும். அந்தத் தூசி நுரையீரலுக்கும் கேடு. பழைய பச்சை, மஞ்சள் பிரைமரில் குரோமேற் என்ற நஞ்சு இருக்கக்கூடும், நனைத்தே உரசுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

கியர்ப் பெட்டியின் கீழ்த் திருகைத் தளர்த்தி ஒயிலைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நம்மூரில் இதற்கு முதல் காரணம் தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலைதான். விசிறிக்கு (புரொப்பெல்லருக்கு) பின்னால் ஷாஃப்ட்டில் சுற்றிய நூல் சுழலச் சுழல உருகி இறுகி, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் அறுந்துவிடும். விசிறியைக் கழற்றி அந்த நூலை முழுக்க எடுக்காமல் புதுச் சீல் போடுவதில் பயனில்லை. கியர் ஒயிலைக் கீழ்த் துளை வழியே ஏற்றி, மேல் துளையால் வழியும்வரை நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று தங்கிவிடும். இரண்டு திருகுக்கும் புது வாஷர் போடுங்கள். இம்பெல்லர் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றியே ஆக வேண்டும்.

காபரேட்டர் ஜெட்டை ஊசியாலோ கம்பியாலோ குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெருத்துவிடும். ஒரு துண்டுத் தங்கூசி நூல் போதும். மண்ணெண்ணெய் எஞ்சினென்றால் நிறுத்த முன்னர் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிடுங்கள். இல்லையென்றால் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி மறுநாள் ஸ்ரார்ட் ஆகாது. பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். மண்ணெண்ணெய் மாடல்களின் கொம்பிரஷன் வேண்டுமென்றே குறைக்கப்பட்டது. அப்படிக் குறைக்கப்படாத எஞ்சின் தட்டும், பிஸ்டன் உருகும்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பழைய ரூ ஸ்ட்ரோக் எஞ்சின் எரிபொருளில் ஒரு பகுதியை எரிக்காமலே புகையோடு வெளியே தள்ளும். ஆகவே மீட்டெடுத்த எஞ்சினைக் கடலேரிக்குள் குறுந்தூரத் தொழிலுக்கு வைத்துக்கொள்வதே எங்கள் ஆலோசனை. நெடுந்தீவுக்கு அப்பால் தனியாகப் போக அது வேண்டாம்.

முதல் ஓட்டம் நன்னீர் நிரப்பிய பீப்பாயில், நீர் உறிஞ்சும் துளைகள் மூழ்கியிருக்க. எரிபொருள் லீற்றருக்கு ஒயில் 40 மி.லீ., அதாவது 25:1. பிறகு அந்த மாடலுக்குரிய அளவுக்கு மாறலாம். 50:1 கேட்கும் எஞ்சினுக்கு 20 மி.லீ. போதும், 1964க்கு முந்திய ஜோன்சன், எவின்ரூட்டுக்குக் குறைந்தது 42 மி.லீ. தேவை. ஸ்ரார்ட் ஆனதும் குளிர்நீர் வெளியேறுகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

தொழில் முடிந்து அலசக் கரையோரக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வரும் கடினநீர் அது, பல இடங்களில் உவரும்கூட. மாரியில் கூரையால் வழியும் மழைநீரை ஒரு தாங்கியில் சேர்த்தால் அதுவே சிறந்தது. எஞ்சின் உடல் அரிபடாமல் தான் கரைந்து காக்கும் சிங்க் கட்டி பாதியாகக் கரைந்ததும் மாற்றுங்கள், அதன்மேல் மட்டும் பெயின்ற் அடிக்காதீர்கள். பெயின்ற் மூடிய சிங்க் கரையாது. அதற்குப் பதிலாகக் கரையப்போவது கியர்ப் பெட்டி.