ரிமோட் ட்யூன் ஆர்டர் செய்கிறீர்களா? படிவத்தை நிரப்பும் முன் இதைப் படியுங்கள்

ரிமோட் ட்யூன் என்பது என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குத் தூரத்திலிருந்தே புது ஃபைல் எழுதி அனுப்புவது. அந்த வேலையில் வாடிக்கையாளரின் வண்டி என் கண்ணில் படுவதே இல்லை. என்ஜின் சத்தம் கேட்காது, புகையின் நிறம் தெரியாது, பானட்டைத் திறந்து ஒரு ஹோஸை அழுத்திப் பார்க்கவும் முடியாது. என்னிடம் வந்து சேர்வது மூன்று சமாச்சாரம்தான்: ஈசியூவிலிருந்து படித்தெடுத்த ஃபைல், நீங்கள் நிரப்பிய படிவம், வண்டியை ஓட்டும்போது சென்சார் காட்டும் எண்களைப் பதிவு செய்த லாக். மூன்றும் ஒழுங்காக இருந்தால் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தும் நல்ல ட்யூன் எழுதலாம். டயர், இன்டேக், டர்போ என்று கை வைத்த பிக்கப்புக்கு ஃபைல் ஆர்டர் செய்கிறவர்கள் ட்யூனரின் பேரையும் புகழையும்தான் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். நான் பார்த்தவரை, சொதப்பிய ட்யூன்களில் பெரும்பாலானவை படிவத்திலேயே சொதப்பியவை.

சாதாரணமாகத் தெரியும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். டயர் அளவு என்ன, டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று) என்ன? செகண்ட் ஹேண்டில் பிக்கப் வாங்கிய ஒருவர் 35 இன்ச் டயர், விகிதம் 3.73 என்று எழுதியிருந்தார். கம்பெனி டயர் 32 இன்ச். ஃபைலில் டயர் அளவைத் திருத்தி அனுப்பினேன். மறுநாளே கோபமாக மெசேஜ்: "இவ்வளவு நாள் ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டியது, உங்கள் ஃபைல் ஏற்றியதும் 9 சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது." 32-லிருந்து 35-க்குப் போனால் ஒரு சுற்றில் வண்டி 9 சதவீதம் அதிக தூரம் போகும். அப்படியென்றால் திருத்துவதற்கு முன்புதான் மீட்டர் தப்பாகக் காட்டியிருக்க வேண்டும், இவருக்கு எப்படிச் சரியாகக் காட்டியது? ஜிபிஎஸ் வேகத்தையும் டாப் கியரில் ஆர்பிஎம்மையும் சேர்த்துப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். கணக்குப் போட்டால் விகிதம் 4.10. முந்தைய ஓனர் பெரிய டயர் போட்டபோது பின்னால் டிஃபரன்ஷியலின் கிரவுன் வீல், பினியன் என்ற பல்சக்கரங்களையும் மாற்றியிருக்கிறார். 3.73-லிருந்து 4.10 என்பது ஏறத்தாழ 10 சதவீதம். வேகத்தை கியர்பாக்ஸ் வெளியீட்டு ஷாஃப்டில் படிக்கும் வண்டி அது. டயர் கூட்டியதை கியர் குறைத்துவிட, மீட்டர் தற்செயலாகச் சரியாக நின்றிருக்கிறது.

மீட்டர் தப்பாகக் காட்டுவதோடு போனால் பரவாயில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் எந்த வேகத்தில் எந்த கியர், என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் எப்போது பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் இந்த எண்களை நம்பித்தான் நடக்கிறது. ஆகவே "தெரியும்" என்று எழுதாமல் அளந்து எழுதுங்கள். வண்டியைப் பாதுகாப்பாக ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே திசையில் ஒரு முழுச் சுற்று சுற்றி, புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினால் விகிதம் கையில் கிடைக்கும்.

பழைய வண்டிகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. "ஸ்டாக் ஃபைல்" (கம்பெனி கொடுத்த மூல ஃபைல்) என்று அனுப்புவது பல நேரங்களில் ஸ்டாக்காக இருப்பதில்லை. யாரோ ஏற்கெனவே மாற்றி எழுதி (ரீமேப் செய்து) விட்டுப்போனதாக இருக்கும். ஈசியூ தரும் கேலிப்ரேஷன் எண்ணையும் (ஃபைலின் பதிப்பு எண்) செக்சம்மையும் (ஃபைலின் சரிபார்ப்பு எண்) கம்பெனி எண்ணோடு ஒப்பிடாமல் அதன் மேல் எழுத ஆரம்பிக்கிறவர், தெரியாத ஒருவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல் மாடி கட்டுகிறார்.

என்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு வருவோம். "பெரிய இன்ஜெக்டர் போட்டிருக்கிறேன்" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் எழுதாததற்குச் சமம். நிமிடத்துக்கு எத்தனை சிசி, அது எந்த அழுத்தத்தில் அளந்தது, இரண்டும் வேண்டும். 3 பார் அழுத்தத்தில் அளந்த இன்ஜெக்டரை 4 பாரில் ஓட்டினால் சுமார் 15 சதவீதம் கூடுதலாக ஊற்றும், ஏனென்றால் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. மின்சாரம் பாய்ந்ததும் இன்ஜெக்டர் உடனே திறந்துவிடாது. அந்தத் தாமதம் பேட்டரி வோல்ட்டேஜைப் பொறுத்து மாறும். அதன் அட்டவணை இல்லாவிட்டால் ஃபுல் த்ராட்டிலில் நன்றாக இழுக்கிற வண்டி சிக்னலில் நிற்கும்போது குலுங்கும். பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், போதும். இன்டேக் குழாயும் அப்படித்தான். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் குழாயில் போகும் காற்றில் ஒரு சிறு பங்கை மட்டும் தொட்டுப் பார்த்து மொத்தத்தையும் கணக்கிடுகிறது. விட்டத்தை 10 சதவீதம் கூட்டினால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். சென்சாருக்கு அது தெரியாது, நாம்தான் ஃபைலில் சொல்லித் தர வேண்டும்.

எரிபொருள் விஷயத்தில் ஒரே வரி: எந்த ஆக்டேனுக்கு ஃபைல் எழுதப்பட்டதோ அதற்குக் கீழே போடாதீர்கள். எத்தனால் கலவை போடுகிறவர்கள் பம்ப்பில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் ஈ85 என்ற பேரில் விற்கும் எரிபொருளிலேயே எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

சரி, லாக். என் வேலையில் பாதி நேரம் இதில்தான் போகிறது. அண்மையில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். பெட்ரோல் வி8, இன்டேக் மாற்றியது. ஐடிலில் (வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது) ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈசியூ தானாகக் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவு, கூட்டல் 18 சதவீதம். 2500 ஆர்பிஎம்மில் கூட்டல் 3. ஓனர் கேட்டது, "ஐடிலில் கொஞ்சம் பெட்ரோல் கூட்டி விடுங்கள்." செய்யலாம், எண்ணை மாற்றினால் அந்த 18 லாக்கிலிருந்து மறைந்துவிடும், செக் என்ஜின் விளக்கும் அணையும். ஆனால் அது ட்யூன் பிரச்சினை அல்ல. மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டிய பிறகு எங்கோ ஓட்டை வழியாக, அளக்கப்படாத காற்றை என்ஜின் உறிஞ்சுகிறது. ஐடிலில் என்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் திருட்டுத்தனமாக நுழைகிற காற்று பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏற ஏற மொத்தக் காற்று கூடுகிறது, ஓட்டையின் பங்கு சிறுத்துவிடுகிறது. ஃபைலைத் தொடாமல் திருப்பி அனுப்பினேன். மேனிஃபோல்டுக்குப் போகும் ஒரு வாக்குவம் ஹோஸ் வெடித்திருந்தது. இதற்கு நேர் எதிராக, ஐடிலில் சரியாக இருந்து லோடு ஏறும்போது ட்ரிம் கூடிக்கொண்டே போனால் வண்டியின் ஃப்யூயல் பம்ப், ஃபில்ட்டர், சென்சார் அட்டவணை என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். ட்ரிம் இரு பக்கமும் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நான் மேற்கொண்டு நோண்டுவதில்லை.

ஃபுல் த்ராட்டில் லாக் எடுக்கும்போது எல்லாச் சென்சாரையும் டிக் செய்து வைக்காதீர்கள். சேனல் கூடக்கூட ஒவ்வொன்றையும் கருவி படிக்கும் வேகம் குறையும். நாக் (எரிபொருள் தப்பான நேரத்தில் தானாக வெடிக்கும் தட்டல்) வந்து போன அந்த நொடி இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்துவிடும். ட்யூனர் கேட்ட சேனல் மட்டும் போதும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஒரே கியரில், 2000 ஆர்பிஎம்மிலிருந்து மேலே வரை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். பொதுச் சாலையில் இது வேண்டாம். வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டும் டைனோவில் எடுங்கள், அல்லது மூடிய டிராக்கில் எடுங்கள். டர்போவோ சூப்பர்சார்ஜரோ போட்ட பெட்ரோல் வண்டிக்கு புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் நான் ஃபைல் எழுத மாட்டேன். கம்பெனி கொடுக்கும் நேரோபேண்ட் சென்சாருக்கு லாம்டா 1-ஐ (காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் இருக்கும் நிலை) ஒட்டித்தான் கண் தெரியும். ஃபுல் த்ராட்டிலில் நமக்கு வேண்டியது 0.80 முதல் 0.88 வரை, அங்கே அது "ரிச்" (பெட்ரோல் அதிகம்) என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அப்புறம், ஸ்க்ரீன்ஷாட் அனுப்பாதீர்கள். முழு லாக் ஃபைலை, எந்தத் திருத்தத்துக்கு எடுத்தது என்று பேரிட்டு அனுப்புங்கள். மூன்றாம் திருத்தத்தின் லாக்கை வைத்துக்கொண்டு ஐந்தாம் திருத்தத்தைச் சரிசெய்கிற கூத்து நிறைய நடக்கிறது.

டீசல் பிக்கப்பில் கவலை வேறு. அங்கே டிரெய்லர் இழுப்பீர்களா, எவ்வளவு எடை, எவ்வளவு ஏற்றம் என்பதைச் சொல்லாமல் "பவர் ஃபைல்" கேட்காதீர்கள். சில நொடி உறுமலுக்கு எழுதிய ஃபைலோடு நீண்ட ஏற்றத்தில் பாரம் இழுத்தால் எக்சாஸ்ட் வெப்பம் ஏறி அங்கேயே நிற்கும். சுத்த அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், பிஸ்டன் அலுமினியக் கலவை. டர்போவுக்கு முன்னால் வைத்த மீட்டரில் 700-க்கு மேல் தொடர்ந்து நிற்கும் ஃபைலை நான் பாரம் இழுக்கக் கொடுப்பதில்லை. பாரத்துக்குத் தனி ஃபைல் கேளுங்கள்.

கியர்பாக்ஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். என்ஜின் இப்போது எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) கொடுக்கிறது என்று ஈசியூ சொல்லும் கணக்கை வைத்துத்தான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தன் கிளட்சுகளை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று முடிவெடுக்கிறது. சில ட்யூனர்கள் டார்க் வரம்புகளைத் தாண்டுவதற்குக் குறுக்கு வழியாக அந்தக் கணக்கையே குறைத்துக் காட்டுகிறார்கள். என்ஜின் கூடுதலாக முறுக்கும், கியர்பாக்ஸோ குறைவாக வருகிறது என்று நம்பி மெதுவாகப் பிடிக்கும், கிளட்ச் வழுக்கும். தொடக்கத்தில் ஷிஃப்ட் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று ஓனர் பாராட்டுவார். கிளட்ச் தேய்ந்து எண்ணெய் கருகும்போதுதான் விஷயம் தெரியும். டார்க் அட்டவணைகளை எப்படிக் கையாளுவீர்கள் என்று ஆர்டர் செய்யும் முன்பே கேளுங்கள். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும், விடுங்க" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஃபைலைப் படிக்கும் முன்பே இத்தனை குதிரைத்திறன் கூட்டித் தருகிறேன் என்று சொல்கிறவரையும், படிவம் போன ஐந்தாம் நிமிடம் ஃபைல் அனுப்புகிறவரையும் இதே பட்டியலில் சேருங்கள். எத்தனை திருத்தம் விலையில் அடக்கம், பின்னால் ஒரு பார்ட் மாற்றினால் என்ன கட்டணம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிபிஎஃப் (டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்ட்டர்), ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்கே அனுப்பும் அமைப்பு) எடுத்துவிட்டு அதற்கு ஃபைல் கேட்டு வாரம் தவறாமல் யாராவது வருகிறார்கள். செய்வதில்லை. அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அப்படிப்பட்ட ஃபைலை விற்பதும் ஏற்றுவதும் சட்டவிரோதம். ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இந்தப் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் நீக்கப்பட்டிருப்பதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் மதிப்பிட்டது. வாரண்டியையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்டாக் ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டால் தெரியாது என்று நினைக்கிறார்கள். பல ஈசியூக்கள் எத்தனை முறை எழுதப்பட்டது என்று எண்ணி வைத்திருக்கின்றன.

ஃபைல் ஏற்றும் நேரத்தில் பேட்டரிதான் முக்கியம். ஏசி ஃபேன், லைட், மியூசிக் எல்லாம் அணைத்து, நிலையான வோல்ட்டேஜ் தரும் சப்போர்ட் சார்ஜரை மாட்டுங்கள். லேப்டாப்பில் ஸ்லீப்பையும் அப்டேட்டையும் நிறுத்தி வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றால் ஈசியூ வெறும் டப்பாவாகிவிடலாம். முதலில் படித்தெடுத்த ஃபைலை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். ஃபைல் ஏற்றும் கருவியைப் பழையதாக வாங்குகிறவர்கள், அது முந்தைய வண்டியின் விஐஎன்னோடு (வண்டியின் அடையாள எண்) பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2018 முதல் வந்த பல ரேம், ஜீப் வண்டிகளில் வெளிக் கருவிகளைத் தடுக்கும் செக்யூரிட்டி கேட்வே குறுக்கே நிற்கும். கருவி வாங்கும் முன் அதற்கு வழி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

புது ஃபைல் ஏற்றிய பிறகு செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அது மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுப் பொசுக்கும். ஆக்சிலேட்டரை விட்டு ஓரம் கட்டி நிறுத்துங்கள். பலர் உடனே ஸ்கேனரை மாட்டி கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு, பிறகு எனக்கு எழுதுகிறார்கள். குறியீட்டை அழித்தால் கோளாறு வந்த நொடியில் ஆர்பிஎம், லோடு, வெப்பம் என்னவாக இருந்தன என்று ஈசியூ பிடித்து வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். எனக்கு வேண்டியதே அதுதான். அழிப்பதற்கு முன் சேமித்து, லாக்கோடு அனுப்புங்கள்.