ஓதக் கணக்கும் ஹவுஸ்ஹோல்டர் பிரதிபலிப்பும்

பாம்பன் கால்வாய்க்கு வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருக்கின்றன. ராமேஸ்வரத் தீவின் மீனவர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்று பிரித்தே பேசுவார்கள். இங்கே ஓதம், அதாவது சந்திர சூரிய ஈர்ப்பால் எழும் கடல்மட்ட அசைவு, ஏறி வற்றும் உயரம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. இத்தனை சிறிய அசைவிலிருந்து சந்திரனின் பங்கையும் சூரியனின் பங்கையும் தனித்தனியே பிரித்தெடுக்க வேண்டுமானால், கணக்கிடும் முறையே பிழையைச் சேர்த்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட ஒரு முறைதான் ஹவுஸ்ஹோல்டர் பிரதிபலிப்பு.

மண்டபம் கரையில் 30 நாள்கள் மணிக்கொரு முறை நீர்மட்டத்தை அளந்ததாகக் கொள்வோம். 720 எண்கள் கிடைக்கும். முதன்மைச் சந்திர அலையின் காலம் 12.42 மணி, சூரிய அலையின் காலம் 12 மணி. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒருமுறை வரும் இரண்டு அலைகளுக்கு 23.93 மணியும் 25.82 மணியும் ஆகும். ஒவ்வோர் அலைக்கும் ஒரு கொசைன் நிரல், ஒரு சைன் நிரல், சராசரி மட்டத்துக்கு ஒரு நிரல் என 720 நிரைகளும் 9 நிரல்களும் கொண்ட அணி உருவாகிறது. ஒவ்வொரு நிரலையும் எந்த எண்ணால் பெருக்கிக் கூட்டினால் பதிவோடு மிக நெருங்கிப் பொருந்தும் என்று அந்த 9 எண்களை, அதாவது கெழுக்களை, காண்பதே மீச்சிறு வர்க்க முறை.

பாடநூல் வழி, அணியை அதன் நிரை நிரல் மாற்று அணியால் பெருக்கி இயல்நிலைச் சமன்பாடுகளை அமைப்பதாகும். நிரல்கள் ஒன்றிலிருந்து ஒன்று நன்கு விலகி நின்றால் இதில் குறையில்லை. ஆனால் இரண்டு நிரல்கள் எட்டாவது தசம இடத்தில்தான் வேறுபடுகின்றன என்றால், பெருக்கலில் அந்த வேறுபாடு வர்க்கமாகிப் பதினாறாவது இடத்துக்குப் போய்விடுகிறது. கணினியின் இரட்டைத் துல்லிய எண் ஏறத்தாழ 16 இலக்கங்களையே தாங்கும் என்பதால், 1 உடன் அந்தச் சிறு எண்ணைக் கூட்டினால் விடை 1 என்றே நின்றுவிடும். அணியில் இருந்த தகவல், சமன்பாட்டைத் தீர்க்கத் தொடங்கும் முன்பே தொலைந்துவிடுகிறது.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் பணியாற்றிய ஆல்ஸ்டன் ஹவுஸ்ஹோல்டர் 1958இல் வெளியிட்ட வழி, பெருக்கலைத் தவிர்த்து அணியையே நேரடியாகத் திருப்புகிறது. ஒரு நிரலைத் திசையனாகக் கருதி, அது முதல் அச்சின் மீது போய் விழும்படி ஒரு கண்ணாடியை நிறுத்துகிறோம். கண்ணாடியில் தெரியும் உருவத்தின் நீளம் மாறுவதில்லை. இரு திசையன்களுக்கு இடையிலான கோணமும் மாறுவதில்லை. ஆகவே அளவீட்டில் ஏற்கெனவே உள்ள சிறு பிழையும் இந்தத் திருப்பத்தால் பெருகுவதில்லை. இம்முறையின் மொத்த வலிமையும் இந்த ஒரு பண்பில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

(2, 2, 1) என்ற நிரலை எடுத்துக்கொள்வோம்; அதன் நீளம் 3. முதல் உறுப்போடு நீளத்தைக் கூட்டினால் (5, 2, 1) என்ற திசையன் கிடைக்கிறது. கண்ணாடி இதற்குச் செங்குத்தாக நிற்கிறது. பழைய நிரலையும் புதிய திசையனையும் உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டினால், அதாவது புள்ளிப் பெருக்கல் செய்தால், 15. புதிய திசையனை அதனோடே அப்படிப் பெருக்கினால் 30. 15ஐ இரட்டித்து 30ஆல் வகுத்தால் 1. ஆகவே பழைய நிரலிலிருந்து (5, 2, 1)ஐ ஒரு முறை கழித்தால் (−3, 0, 0) வருகிறது. முதல் உறுப்புக்குக் கீழே எல்லாம் பூச்சியம், நீளம் அதே 3.

நீளத்தைக் கழிக்காமல் கூட்டியது தற்செயல் அன்று. (1000, 1) என்ற நிரலின் நீளம் ஏறத்தாழ 1000.0005. இதில் 1000ஐக் கழித்தால் முன்னிலக்கங்கள் எல்லாம் அடிபட்டு, தோராயப் பிழை மிகுந்த 0.0005 மட்டும் மிஞ்சும், கூட்டினால் 2000.0005 என்று இலக்கங்கள் நிலைத்து நிற்கும். அதனால்தான் முதல் உறுப்பின் குறியைப் பார்த்து, கழித்தல் நேராத பக்கத்தையே கணினி மென்பொருள் தேர்ந்தெடுக்கிறது.

நமது ஓத அணிக்கு, நிரலுக்கு ஒன்றாக, இப்படி 9 கண்ணாடிகள் போதும். ஒவ்வொன்றும் தன் நிரலில் மூலைவிட்டத்துக்குக் கீழே உள்ளவற்றைப் பூச்சியமாக்க, மேலே ஒரு முக்கோண அணி மட்டும் மிஞ்சும். நீர்மட்டப் பதிவையும் அதே கண்ணாடிகளால் திருப்பினால், மேலுள்ள 9 எண்களும் அந்த முக்கோண அணியும் சேர்ந்து, கீழிருந்து மேலாகக் கெழுக்களைத் தந்துவிடும். அடியில் எஞ்சிய 711 எண்களும் வீணல்ல: அவற்றின் நீளம், காற்றாலும் பிற காரணங்களாலும் அலைகளோடு பொருந்தாமல் போன மிச்சத்தின் அளவாகும். முழுக் கண்ணாடி அணியை எழுதவேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு கண்ணாடியையும் அமைத்த திசையனை மட்டும், பூச்சியம் ஆன இடங்களிலேயே, சேமித்துவிடலாம். 1992இல் வெளியான, அணிக் கணக்குகளுக்கான லேப்பேக் மென்பொருள் தொகுப்பும் இவ்வாறே இடத்தை மிச்சப்படுத்துகிறது. இத்தனைக்கும் ஆகும் செய்கைகள் சுமார் 1.16 லட்சம், ஒரு கைப்பேசிக்கு அது கண்ணிமைக்கும் வேலை.

முக்கோண அணியின் மூலைவிட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. அங்குள்ள ஒவ்வோர் எண்ணும், அந்த நிரலில் முந்தைய நிரல்களால் விளக்க முடியாமல் எஞ்சிய பகுதியின் நீளம். 11.97 மணிக் காலமுள்ள சந்திர-சூரிய அலையையும் கடைசியில் சேர்த்தால், 12 மணி அலையிலிருந்து அது முழுச் சுற்று விலக ஏறத்தாழ 182.6 நாள்கள் தேவை. நம்மிடம் இருப்பதோ 30 நாள் பதிவு. அதனால் அதன் மூலைவிட்ட எண், நிரலின் சொந்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். பதிவில் உள்ள இரைச்சல் அந்தக் கெழுவில் மூன்று மடங்குக்கு மேல் பெருகும். எந்தக் கண்ணாடித் திருப்பமும் அளக்காத தகவலைக் கொண்டுவந்து தராது. அரையாண்டு அளக்க வழியில்லாதபோது, ஓதக் கணக்கர்கள் அந்த அலையைத் தனியாகத் தேடாமல், சமநிலை ஓதக் கொள்கை தரும் 0.272 என்ற விகிதத்தைக் கொண்டு சூரிய அலையோடு பிணைத்துவிடுகிறார்கள்.