சமக்குறி "விடை போடு" என்று சொல்வதில்லை

நான்காம் வகுப்பில் 8 + 4 = □ + 5 என்று எழுதிப் போட்டுப் பாருங்கள். என் வகுப்பில் பெரும்பாலோர் கட்டத்துக்குள் 12 எழுதினார்கள். சிலர் கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டி 17 என்றார்கள். 7 எழுதியது இரண்டு மூன்று பேர்தான். கூட்டத் தெரியாத பிள்ளைகள் இல்லை அவர்கள். சமக்குறியைக் கண்டால் விடை எழுத வேண்டும் என்றே பழகியவர்கள். பழக்கியது நாங்கள்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து 3 + 2 = ___ என்ற ஒரே வார்ப்பு. நானே அவசரத்தில் 5 + 3 = 8 + 2 = 10 என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஐந்தும் மூன்றும் பத்தா?

1557-இல் வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டு இந்தக் குறியை அறிமுகப்படுத்தியபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்றுதான் காரணம் சொன்னார்.

சரி, இரு பக்கமும் சமம் என்பதைக் கண்ணால் காட்ட ஒரு தராசு செய்தேன். துணி மாட்டும் ஹேங்கர், இரண்டு காகிதக் கோப்பை, நூல். முதலில் புளியங்கொட்டை போட்டேன். ஒவ்வொன்றும் ஒரு எடை, தட்டு நேராக நிற்கவே இல்லை. ஒரு ரூபாய் நாணயத்துக்கு மாறினேன். அதிலும் பழையது கனம், புதியது லேசு. ஒரே வகையாகப் பொறுக்கி எடுத்த பிறகுதான் சரிப்பட்டது.

புதிர் இது: இடத் தட்டில் மூன்று பொட்டலமும் 2 நாணயமும், வலத் தட்டில் ஒரு பொட்டலமும் 10 நாணயமும். எல்லாப் பொட்டலத்திலும் நாணயம் ஒரே அளவு. தாள் மெல்லியதாக இருக்கட்டும். பிரிக்காமல் எத்தனை என்று சொல்ல வேண்டும். ஒருத்தி இரு பக்கமும் 2 நாணயத்தை எடுத்தாள். அப்புறம் இரு பக்கமும் ஒரு பொட்டலம். மிஞ்சியது இரண்டு பொட்டலம், எதிரே 8 நாணயம். "நாலு சார்!" x என்ற எழுத்தே வரவில்லை, சமன்பாடு தீர்ந்துவிட்டது.

மேல்வகுப்பில் "அந்தப் பக்கம் போனால் பிளஸ் மைனஸாகும்" என்று மந்திரம்போல் சொல்லிக்கொடுக்கிறோமே, தராசில் எதுவும் அந்தப் பக்கம் போவதில்லை. இரு பக்கமும் ஒரே அளவு எடுக்கிறோம், அவ்வளவுதான்.

சில நாள் கையால் செய்த பிறகு படத்துக்குப் போங்கள், அதன்பின் எழுத்துக்கு. x + 5 = 3 வரும்போது தராசை ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான். மைனஸ் இரண்டு நாணயத்தை எந்தத் தட்டில் வைப்பது? அங்கே எண்கோடு வேண்டும்.