"லோக்கல் ஆள் பேர்ல போட்டுக்கலாம்"னு சொல்லி பிலிப்பைன்ஸ் டவாவ்ல கடை திறக்க வர்றவங்களுக்கு

போன செவ்வாய் மத்தியானம் டிபன் பாக்ஸத் திறந்து தயிர்சாதத்துல கை வைக்கப்போறேன், ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு நிக்குது, இந்தியாக்காரங்க யாராச்சும் இருந்தா பேசணும்ங்குதுன்னு கூப்பிட்டாங்க. இருபத்திமூணு வயசு இருக்கும். நெஞ்சோட அணைச்சு ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர் வெச்சிருந்துச்சு, உள்ள பி.ஐ.ஆர்.ல இருந்து வந்த லெட்டர். பி.ஐ.ஆர்.னா நம்மூர் இன்கம்டாக்ஸ் ஆபீஸும் ஜி.எஸ்.டி. ஆபீஸும் சேர்ந்த மாதிரின்னு வெச்சுக்கோங்க. "நஹத்லோக் கோ, மேம்"னு சொல்லுச்சு. பிசயா பாஷைல பயமா இருக்குன்னு அர்த்தம். லெட்டர்ல பொண்ணு பேரு, கீழ ஒரு மெஸ்ஸோட பேரு. அந்த மெஸ் பேரப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு, சுத்தமான தமிழ்ப் பேரு. நம்மாளு யாரோ இந்தப் பொண்ணு பேர்ல கடை நடத்தியிருக்காரு.

இந்த வருஷத்துல இது அஞ்சாவது ஃபைல். அதான் இன்னிக்கு உட்கார்ந்து எழுதறேன், கொஞ்சம் கோவமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

நான் இங்க டவாவ்ல ஒரு அக்கவுண்டிங் ஆபீஸ்ல ஒன்பது வருஷமா இருக்கேன். ஆடிட் ரிப்போர்ட்ல என் கையெழுத்து செல்லாது, பிலிப்பினோ சி.பி.ஏ.தான் (நம்மூர் சி.ஏ. மாதிரி) போடணும், ஆனா ஃபைல் எல்லாம் என் டேபிள் வழியாத்தான் போகும். இந்தியாவுல இருந்து வர்ற கேஸ்னா நேரா என் தலைலதான். நம்ம பசங்க நிறையப்பேர் இங்க மெடிக்கல் படிக்கறாங்க, தெரிஞ்சதுதானே. பசங்க இருந்தா இட்லி தேவைப்படும், இட்லி தேவைப்பட்டா மெஸ் போடலாம்னு யாருக்காச்சும் தோணும். அதுல தப்பே இல்ல, எனக்கும் சனிக்கிழமை காலைல ஒரு நல்ல தோசை வேணும்தான்.

ஊரும் அப்படி ஆசை காட்டுது. 2011ல அப்ரீசா மால் வந்துச்சு, 2012ல லனாங்ல எஸ்.எம். மால் வந்துச்சு, அதுக்கப்புறம் பாக்கற பக்கமெல்லாம் காண்டோ கட்டடம். 2020 கணக்குப்படி சிட்டில மட்டும் பதினேழு லட்சத்துக்கு மேல ஜனம். 2023ல இருந்து துரியான் பழம் நேரா சீனாவுக்கு ஏத்துமதி ஆகுது. கடலுக்கு நடுவுல சமால் தீவுக்கு பாலம் கட்டறாங்க. இதுக்கு மேல 2025 ஜூன்ல இருந்து இந்தியாக்காரங்களுக்கு 14 நாள் விசா இல்லாம வரலாம்னு ஆச்சா, அக்டோபர்ல டெல்லி மணிலா நேரடி ஃப்ளைட்டும் வந்துச்சா, அவ்ளோதான். பதினாலு நாள்ல வந்து மால் சுத்திப் பாத்துட்டு, பத்தாவது நாள் கடை அட்வான்ஸ் கொடுத்துட்டு, பன்னெண்டாவது நாள் யாரு பேர்ல போடறதுன்னு யோசிக்கறாங்க. யோசிக்கற வரிசையே தலைகீழ் பாருங்க.

சரி, எனக்கு ரத்தம் கொதிக்கற விஷயத்துக்கு வர்றேன். "மேடம், 60-40 போட்டுக்கலாமே"ன்னு ஒரு டயலாக். எல்லாரும் இதையே சொல்றாங்க. யூடியூப்ல பாத்தது, ஃப்ரெண்டு சொன்னது, ஏஜென்ட் சொன்னது, எல்லாம் இதே 60-40. பிலிப்பினோவுக்கு 60, நமக்கு 40, கம்பெனி ரெடின்னு.

நல்லா கேட்டுக்கோங்க. 60-40ங்கறது சில தொழிலுக்கு மட்டும்தான். சின்ன ரீடெய்ல் கடைக்கு அது கிடையாது. மளிகைக் கடை, துணிக் கடை, மொபைல் கடை, தனியா நிக்கற மெஸ், இதெல்லாம் ரீடெய்ல் கணக்கு. ரீடெய்ல்ல வெளிநாட்டுக்காரர் காசு போடணும்னா கம்பெனியோட மூலதனம் குறைஞ்சது 2.5 கோடி பெசோ இருக்கணும், நம்ம ரூபாய்ல மூணரைக் கோடிக்கு மேல. அதுக்குக் கீழ இருந்தா 40 சதவீதம் இல்ல, 10 சதவீதம் இல்ல, ஒரு சதவீதம்கூட இல்ல, சைபர். இதுவே குறைச்சதுக்கு அப்புறம் வந்த கணக்கு, 2021 டிசம்பர்ல சட்டத்த மாத்தறதுக்கு முன்னாடி 25 லட்சம் டாலர் கேட்டுட்டு இருந்தாங்க. "குறைச்சுட்டாங்களாமே மேடம்"னு சந்தோஷமா வர்றவங்க இந்த நம்பரக் கேட்டதும் மூஞ்சி மாறிடும். தங்கற ஹோட்டலுக்குள்ளயே ஹோட்டல்காரர் நடத்தற ரெஸ்டாரன்ட்டுக்கு விலக்கு இருக்கு. மெடிக்கல் காலேஜ் சந்துல இருக்கற மெஸ்ஸுக்கு இல்ல.

இது நேத்து நம்ம மேல கோவப்பட்டு போட்ட சட்டமும் இல்ல. சீனா வியாபாரிங்க கையில கடைத்தெரு மொத்தமும் இருக்குன்னு 1954லயே ரீடெய்ல சொந்த நாட்டுக்காரங்களுக்குன்னு ஒதுக்கினாங்க, அத எதிர்த்து போட்ட கேஸும் 1957ல தோத்துச்சு. 1962ல ஒரு மளிகைக் கடைக்காரர், அவரு குடியுரிமை வாங்கின பிலிப்பினோ, மூணு சீனாக்காரங்கள வேலைக்கு மட்டும் வெச்சுக்கறேனேன்னு கேட்டாரு, முதலாளியாக்கூட இல்ல, சரக்கு வாங்கவும் விக்கவும் மட்டும். அதுக்கும் உச்ச நீதிமன்றம் முடியாதுன்னுடுச்சு. இப்ப நீங்க அந்தப் பொண்ணு பேர்ல மெஸ் போட்டுட்டு கல்லாவுல நீங்களே உட்கார்ந்திருக்கீங்க பாருங்க, அது எந்தக் கணக்குல வரும்னு நீங்களே சொல்லுங்க.

அடுத்தவர் பேர வாங்கி ஓட்டறத இங்க டம்மின்னு சொல்வாங்க, சட்டத்துக்கு பேரே ஆன்ட்டி-டம்மி லாதான். 1936ல இருந்து இருக்கு. 5 வருஷத்துல இருந்து 15 வருஷம் வரை ஜெயில், மேல அபராதம். கொடுத்தவருக்கும் உண்டு, வாங்கினவருக்கும் உண்டு. நம்ம ஆளுங்க யாருக்கும் தெரியாத ஒண்ணு அதுக்குள்ள இருக்கு. பேர் கொடுத்தவர் தானே முன்வந்து விஷயத்த சொல்லி, கேஸுக்கு ஒத்துழைச்சு, தண்டனையும் ஆச்சுன்னா, அவருக்கு ஜெயில் கிடையாது, கட்டின அபராதத்துல 25 சதவீதம் அவருக்கே பரிசு. உங்களக் காட்டிக்கொடுக்க அவங்களுக்கு அரசாங்கமே காசு கொடுக்குது, நீங்க என்னடான்னா நம்பிக்கை, விசுவாசம்னு பேசிட்டு இருக்கீங்க.

"அதெல்லாம் பக்காவா பேப்பர் எழுதி வாங்கிட்டோம் மேடம்." இது அடுத்த டயலாக். ஒருத்தர் அந்தப் பேப்பர எனக்கு பெருமையா காட்டினாரு. பேரு, தேதி காலியா விட்ட ஷேர் மாத்தற பத்திரம், கீழ பொண்ணோட கையெழுத்து. கடை மொத்தத்துக்கும் இவருக்கு பவர். கூடவே அந்தப் பொண்ணு இவர்கிட்ட கடன் வாங்கின மாதிரி ஒரு பாண்டு. நோட்டரி சீல் வேற. அண்ணே, இது உங்களக் காப்பாத்தற பேப்பர் இல்ல, உங்க மேல கேஸ் போடறவங்களுக்கு நீங்களே கோத்துக் கொடுத்த சாட்சின்னு சொன்னேன். இத எடுத்துட்டு எந்தக் கோர்ட்டுக்குப் போவீங்க? போய் என்னன்னு கேப்பீங்க, நான் சட்டத்த ஏமாத்தினேன், அதுல எனக்கு நஷ்டம், வாங்கிக் கொடுங்கன்னா?

அப்படிப் போன ஒருத்தர் கதை இந்த ஊர்லயே நடந்திருக்கு. ஒரு ஆஸ்திரேலியக்காரர் தன் காசுல டவாவ் சிட்டிலயும் சமால்லயும் சொத்து வாங்கினாரு, எல்லாம் கூட இருந்த பிலிப்பினோ பெண் பேர்ல, ஏன்னா வெளிநாட்டுக்காரர் இங்க நிலம் வாங்கவே முடியாது. பிரிஞ்சதும் திருப்பிக் கேட்டு கோர்ட்டுக்குப் போனாரு. 2003ல உச்ச நீதிமன்றம் சொன்னது, தெரிஞ்சே சட்டத்த மீறினவருக்கு நாங்க உதவ மாட்டோம்னு. சொத்தும் இல்ல, காசும் இல்ல. நிலம் வேற கடை வேறன்னு வாதாடாதீங்க ப்ளீஸ், உள்ள ஓடற புத்தி ஒண்ணுதான்.

மறுபடி அந்தப் பொண்ணுகிட்ட வர்றேன். மெஸ்ல பாத்திரம் கழுவ சேர்ந்த பொண்ணு, பிஸ்லிக் பக்கம் ஊரு. மூணாவது மாசம் மெஸ் நடத்தின நம்ம அண்ணன் ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போடச் சொன்னாராம், சம்பளத்துல 2000 பெசோ சேத்துத் தர்றேன்னாராம், போட்டுடுச்சு. டி.டி.ஐ.ல, அதாவது வர்த்தகத் துறைல, கடைப் பேரு பதிஞ்சாங்க, பரங்காய் (நம்மூர் வார்டு மாதிரி) கிளியரன்ஸ், மேயர் பெர்மிட், பி.ஐ.ஆர். எல்லாம் பொண்ணு பேர்ல. டி.டி.ஐ. சர்டிபிகேட்ட ஃப்ரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருந்தாங்களாம். அது லைசென்ஸே கிடையாதுங்க, அந்தக் கடைப் பேர வேற யாரும் வெச்சுக்கக் கூடாதுன்னு தர்ற ரசீது, அவ்ளோதான்! பதினாலு மாசம் ஓடுச்சு, வியாபாரம் படுத்துச்சு, அண்ணன் ஒரு ராத்திரி கிரைண்டர வித்துட்டு ஃப்ளைட் ஏறிட்டாரு.

கடைய மூடினா பி.ஐ.ஆர்.ல போய் பதிவ மூடணும், மேயர் பெர்மிட்டையும் சரண்டர் பண்ணணும். ஷட்டர இறக்கினா மூடினதா ஆகாது. வித்தாலும் விக்கலன்னாலும் மூணு மாசத்துக்கு ஒரு தடவ ரிட்டர்ன் போட்டுட்டே இருக்கணும், போடாத ஒவ்வொண்ணும் ஒரு ஓப்பன் கேஸ், ஒவ்வொண்ணுக்கும் அபராதம். வருமான வரி ஃபார்ம் ஒண்ணு, மூணு சதவீத விற்பனை வரி ஃபார்ம் ஒண்ணுன்னு வரிசையா நிக்குது. இதுல வேடிக்கை என்னன்னா, அந்தப் பொண்ணு புதுசா வேலைக்கு சேரப்போன இடத்துல டாக்ஸ் நம்பர் கேட்டப்பத்தான் தன் பேர்ல ஒரு தொழில் இருக்கறதே ஞாபகம் வந்திருக்கு.

இப்ப என்னதான் பண்றதுன்னு கேட்டா, வழி இல்லாம இல்ல. வெளிநாட்டு க்ளையன்ட்டுக்கு இங்க இருந்து சர்வீஸ் பண்ற பி.பி.ஓ., சாஃப்ட்வேர் மாதிரி ஏத்துமதிக் கம்பெனின்னா 100 சதவீதமும் உங்க பேர்லயே வைக்கலாம், அந்தப் பெரிய மூலதனமும் வேண்டாம். மொத்த வியாபாரம்னா 2 லட்சம் டாலர் கொண்டு வாங்க, நேரடியா குறைஞ்சது 15 பிலிப்பினோக்களுக்கு வேலை கொடுத்து அவங்கதான் பெரும்பான்மைன்னா அது 1 லட்சமா குறையும். இடம் வாடகைக்கு எடுக்கலாம், தடையில்ல. இங்க ஏற்கெனவே முறையா நடக்கற பிலிப்பினோ ரெஸ்டாரன்ட்டுக்கு இந்தியாவுல இருந்து மசாலா சப்ளை பண்ணலாம், அதுல வர்ற லாபம் உங்க பேர்ல தைரியமா வரும்.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலப் பாருங்க, உங்க ஏஜென்ட் கூட்டிட்டுப் போற வக்கீல் வேண்டாம், நீங்களா தேடின வக்கீல். டூரிஸ்டா வந்துட்டு கல்லாவுல உட்காராதீங்க, வேலை பாக்கறதுக்கு தனி பெர்மிட்டு தனி விசா இருக்கு. மெடிக்கல் பசங்களா, உங்களுக்கு தனியா சொல்றேன், சீனியர் அண்ணா மெஸ்ல ஷேர் தர்றாருன்னு அப்பா அனுப்பின ஃபீஸ் காசப் போடாதீங்க கண்ணுங்களா, ஸ்டூடென்ட் விசாவுல இருக்கீங்க, விசா போச்சுன்னா படிப்பே போச்சு. ஏற்கெனவே டம்மி பேர்ல ஓட்டிட்டு இருக்கறவங்க ஓடிப்போகாதீங்க, வக்கீலக் கூட்டிட்டு வந்து முறையா மூடுங்க, செலவு ஆகும்தான்.

அந்தப் பொண்ணோட ஃபைல நான் எடுத்துக்கிட்டேன், என் ஃபீஸ் வேண்டாம்னுட்டேன். அபராதம் மட்டும் கணக்குப் போட்டுப் பாத்தா அது பாத்திரம் கழுவின ரெண்டு மாச சம்பளத்துக்கு மேல வருது. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கயோ இருக்கற அண்ணே, நீங்க இதப் படிப்பீங்கன்னு தெரியும், நம்ம க்ரூப்ல எல்லாம் நீங்க இன்னும் இருக்கீங்க. உங்கள யாருன்னு நான் சொல்லப்போறது இல்ல. வர்ற பதினெட்டாம் தேதிக்குள்ள அந்தக் காச மட்டும் அனுப்பிடுங்க, என் நம்பர் உங்ககிட்ட இருக்கு.