உணவுக்குழாய்ப் புற்றும் எக்சோசோம் என்னும் நுண்பையும்

“களி இறங்க மாட்டேங்குது, கஞ்சிதான் இறங்குது” என்று சொல்லிக்கொண்டு வாழப்பாடியிலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ ஒருவர் சேலத்து மருத்துவமனைக்கு வந்து சேரும்போது, உணவுக்குழாய்ப் புற்று பெரும்பாலும் முற்றியிருக்கிறது. ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள அந்தத் தசைக்குழாய் நன்கு விரிந்துகொடுப்பதால், உள்ளே கட்டி வளர்வதை நெடுநாள் வெளிக்காட்டுவதில்லை. புகையிலையும் மதுவும் மட்டுமல்ல, புகையிலை சேர்க்காமல் வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் இப்புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. பாக்குத் தோப்புகளை நம்பிப் பிழைக்கும் ஊர்களுக்கு நடுவே இருந்து இதை எழுதுவது எளிதன்று. ஆயினும் எழுதியே ஆக வேண்டும்.

கட்டி பாதையை அடைக்கும் முன்பே அதன் இருப்பை அறியும் வழியை ஆய்வாளர்கள் எக்சோசோம்களில் தேடுகிறார்கள். இவை 30 முதல் 150 நானோமீட்டர் வரை குறுக்களவு கொண்ட நுண்பைகள். இரண்டு மில்லிமீட்டர் ஜவ்வரிசி மணியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் அது எக்சோசோமைவிடப் பெரிதாகவே இருக்கும். செல்லுக்குள் எண்டோசோம் என்னும் அறையின் சுவர் உட்புறமாகக் குமிழ்விட்டுப் பல நுண்பைகளை உண்டாக்குகிறது. அந்த அறை செல்லின் வெளிச்சவ்வோடு இணைந்து திறக்கும்போது அவை வெளியே கொட்டுகின்றன. 1980களில் செம்மறியாட்டின் முதிராச் சிவப்பணுக்களில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவினர் இதைக் கண்டபோது, செல் தனக்கு வேண்டாததைக் கழிக்கும் வழி என்றே கருதப்பட்டது. அந்தப் பைகளுக்குள் இருக்கும், மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. வேறொரு செல்லுக்குள் புகுந்து, அங்கே புரதத்தையும் உண்டாக்குகிறது என்று 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டிய பிறகு அந்தக் கருத்து மாறியது.

ரத்தத்தில் தனித்து மிதக்கும் ஆர்.என்.ஏ.வை நொதிகள் விரைவில் சிதைத்துவிடும்; சவ்வுக்குள் இருப்பதோ தப்பிப் பிழைக்கும். எனவே புற்றுச்செல் வெளியிட்ட எக்சோசோம், கட்டியின் தன்மையைச் சுமந்தபடியே ரத்தத்திலும் எச்சிலிலும் கிடைக்கிறது. உணவுக்குழாயின் உட்பரப்பிலுள்ள தட்டையான செல்களில் தோன்றும் செதிள் செல் புற்று உள்ளவர்களின் எக்சோசோம்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 என்னும் குட்டையான ஆர்.என்.ஏ. மிகுந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. ஆனால் இதே மூலக்கூறு வேறு பல புற்றுகளிலும் மிகுவதால், நோயைக் காட்டும் பல அடையாள மூலக்கூறுகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும். நலமான செல்களும் எக்சோசோம்களை ஓயாமல் வெளியிடுகின்றன. ரத்தத்தின் கொழுப்புப் புரதத் துகள்கள் சிலவும் ஏறக்குறைய அதே அளவினவே. புவியீர்ப்பைப்போல் ஒரு லட்சம் மடங்கு விசையில் சுழற்றினாலும் அவை முற்றாகப் பிரிவதில்லை. ஆகவே, விழுங்கச் சிரமப்படுபவருக்கு நோயை உறுதிசெய்வது இன்றும் எண்டோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையுமே.

சிகிச்சையில் எக்சோசோம் முதலில் எதிரியாகவே குறுக்கிடுகிறது. சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்துக்குப் பழகிய புற்றுச்செல், அந்தத் தாங்குதிறனை இப்பைகளின் வழியே பக்கத்துச் செல்களுக்கும் கடத்தக்கூடும். பையின் மேற்பரப்பில் இருக்கும் பி.டி.-எல்1 புரதம் நோயெதிர்ப்புச் செல்களைச் செயலிழக்கச் செய்கிறது. இதே பைக்குள் மருந்தையோ, புற்று மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ.வையோ ஏற்றி அனுப்பும் முயற்சியும் ஆய்வகங்களில் நடக்கிறது. ரத்தநாளம் வழியாகச் செலுத்தப்படும் எக்சோசோம்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்வதால், அவற்றின் மேற்பரப்பில் கட்டியை மட்டும் பற்றும் புரதங்களைப் பதிக்க இப்போது முயல்கிறார்கள்.